லைன் வரும் என்றார்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். ல, ள, ழ மூன்றில் எதைப் போடுவது என்று தெரியாத இடத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கு வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் இந்தக் கதையை என் மனைவி தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை வேறு ஆட்கள் கூட்டியும் குறைத்தும் சொல்லி, இப்போது இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே, "லைன்ல எறங்கமாட்டேன்னு சொன்ன ஆளு நீங்கதானே?" என்று கேட்கிறான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவைத்துவிட்டால் யாராவது கேட்கும்போது தாளை நீட்டிவிடலாம்.

மாத்தளை மலையில் ரிவர்ஸ்டனுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன விடுதியில் நான் சமையல்காரன். ஒரு மழைக்காலத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வந்து தங்கினார்கள். மழை விடவில்லை, அவர்களும் போகவில்லை. என் ரொட்டியும் கட்டச் சம்பலும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவர்களுக்குச் சொந்தமான பாய்ப்படகு தெற்கே காலி என்கிற ஊரின் துறைமுகத்தில் நிற்கிறது, அதில்தான் ஊர் ஊராகப் போகிறார்கள் என்று முதலாளி சொன்னார். அந்த அம்மா பாசிக் கல்லில் வழுக்கி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு பிளேனில் தன் நாட்டுக்குப் போனார். வெள்ளைக்காரர் படகைச் சீசெல்ஸ் தீவு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். சமைக்கவும், முறை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். முதலாளி என்னிடம் கேட்காமலே என்னைக் காட்டிவிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். தைரியம் என்று பிறகு சிலர் பேசினார்கள். தைரியம் இல்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

கடலை நான் அதற்கு முன்னால் திருகோணமலைக்குச் சுற்றுலா போனபோது ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதுவும் முழங்கால் அளவு.

அங்கிருந்து பிளேனில் திருப்பி அனுப்பிவைப்பார், மாத்தளைக் கோயில் தேருக்கு முன்னால் வீட்டில் இருப்பேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கொழுந்துச் சாக்கை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டிக்கட்டக் கண்ணால பாத்தீங்களா?"

"வாங்கித் தருவாராம்."

"தருவாராம்" என்று அதையே திருப்பிச் சொன்னாள்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. என்னிடம் பாஸ்போட் இருந்ததே ஒரு ஏமாற்றத்தால்தான். சில வருடங்களுக்கு முன் ஓர் ஏஜென்ட் வெளிநாட்டில் ஹோட்டல் வேலை என்று சொல்லி அதை எடுக்க வைத்தான். எடுத்ததும் வாங்கித் தன் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினான். வேலையும் வரவில்லை, அவனும் காணாமல் போனான். அந்த லாச்சியை உடைத்துத்தான் பாஸ்போட்டை மீட்டோம். அதற்குப் பிறகு யாராவது என் பொருளை வாங்கிப் பூட்டினால் சாவி எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன்.

காலியில் படகில் ஏறியதும் வெள்ளைக்காரர், படகில் அவர்தான் கெப்டன், முதலில் செய்தது அதைத்தான். எங்கள் பாஸ்போட்டுகளை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார். நான் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

படகில் மூன்றாவது ஆள் காலிப் பக்கத்துச் சிங்களவர். மீன்பிடிப் படகுகளில் வாழ்ந்தவர், என்னைவிட மூத்தவர். அவர் என்னை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம். நான் அவரை அய்யா என்பேன். சிங்களத்தில் அது அண்ணன், தமிழில் மரியாதை. எந்தப் பக்கம் பார்த்தாலும் பொருந்தியது. நாங்கள் இருவரும் சிங்களத்தில் பேசிக்கொள்வோம். கெப்டனுடன் அவர் இங்கிலீஷ் பேசுவார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் தோட்டத்து இங்கிலீஷ்தான். பீல்ட், ஆபீஸ், செக்ரோல், லீவு, லைன்.

படகு எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பரா ஒன்றை இழுத்து நீட்டிய அளவு. முதல் இரண்டு மூன்று நாள் நான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். வாந்தி அடங்கித் தலையைத் தூக்கியபோது, சற்று முன்பு ஒன்றும் இல்லாத இடத்தில் கறுப்பாக ஒரு மேடு நின்றது. மழை பெய்து கழுவிய பாறை மாதிரி மினுங்கியது. புஸ் என்று ஆவி எழுப்பிவிட்டுக் கீழே போய்விட்டது. காற்றில் அழுகிய முட்டைக்கோவா நாற்றம் வந்தது. திமிங்கிலம் என்றார் அய்யா. எனக்கு அந்தப் பெரிய உடம்பு பயம் தரவில்லை. சத்தமில்லாமல் வந்ததும், சத்தமில்லாமல் கீழே இருந்துகொண்டே எங்களோடு வரக்கூடும் என்பதும்தான் பயமாக இருந்தது. அன்று முழுக்கப் படகின் அடியைப் பற்றியே யோசித்தேன்.

கடலில் எதைக் கண்டாலும் கூப்பிட வேண்டும் என்பது என் வேலை. கூப்பிட எனக்குக் கூச்சம். அதனால் ஓர் அகப்பையால் சட்டியைத் தட்டுவேன். நான் யோசித்துத் தட்டுவதற்குள் பாதிப் பொருள் போய்விடும். முதுகில் ஒரு குருவி உட்கார்ந்திருக்க மிதந்து போன ஆமையை நான் மட்டும்தான் பார்த்தேன். சொன்னால் நம்புவார்களா என்று யோசித்துச் சொல்லாமலே விட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் படகின் மேல்தட்டில் மீன்கள் செத்துக் கிடக்கும். இறக்கை வைத்த மீன்கள், இரவில் பறந்து வந்து மோதி விழுந்தவை. அய்யா பொரிக்கச் சொன்னார். யாரும் பிடிக்காமல் தானாக வந்து செத்துக் கிடக்கிற மீனை எப்படி நம்புவது? நன்றாக முகர்ந்து பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, அவர்கள் இருவரும் தின்ற பிறகுதான் நான் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

மீன் பிடிக்கிற முறை எளிது. பிளாஸ்டிக் கணவாய் மீன் ஒன்றுக்குள் தூண்டிலை ஒளித்து, தடித்த தங்கூசி நூலில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டே போவோம். தங்கூசியின் மறுமுனை டியூப் ரப்பரில் கட்டியிருக்கும். பக்கத்தில் ஆணிகள் போட்ட பால்மா டின் தொங்கும். மீன் மாட்டினால் ரப்பர் இழுபடும், டின் கலகலவென்று ஆடும்.

முதல் தடவை டின் ஆடியபோது அய்யா இழுத்துப் போட்ட மீனை நான் மறக்கவே மாட்டேன். நெற்றி சுவர் மாதிரி நிமிர்ந்த மீன். வன்னா என்றார். உடம்பு முழுக்கப் பொன், முதுகு மயில் கழுத்து நிறம், அதன்மேல் நீலப் பொட்டுகள். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன் போயிற்று. பச்சை வந்தது. பச்சை போய் வெள்ளி வந்தது. கடைசியில் நனைந்த சிமெந்து நிறத்தில் கிடந்தது.

எங்கள் ஊருக்கு மீன் பெட்டியில் ஐஸ் போட்டு மலையேறி வருகிறது. நிறம் மாறிய மீனை வாங்காதே என்பதுதான் நாங்கள் படித்த ஒரே பாடம். இதுவோ கண் முன்னாலேயே மாறுகிறது. இது நஞ்சு மீன், நான் சமைக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல், கத்தியைக் கழுவிக்கொண்டே நேரத்தைக் கடத்தினேன். அய்யா புரிந்துகொண்டார். "ஒங்க மலைக்கு வாறது செத்து ஒரு வாரமான மீனு மல்லி. அது மாற வேண்டியதெல்லாம் இங்கேயே மாறிட்டுத்தான் லொறி ஏறுது" என்று சிரித்துவிட்டு, ஒரு துண்டை வெட்டித் தேசிக்காய் பிழிந்து பச்சையாகவே தின்றார். நான் மாலை வரைக்கும் அவர் முகத்தையே கவனித்தேன். அவர் இருமும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

மாலைதீவுப் பக்கம் போனபோது தூரத்தில் தென்னை மரத் தலைகள் தெரிந்தன. தண்ணீரிலிருந்தே முளைத்த மாதிரி இருந்தன. நான் சட்டியைத் தட்டினேன். கெப்டன் தலையாட்டிவிட்டு அப்படியே தாண்டிப் போனார். கரை தெரிந்தும் ஏன் நிற்கவில்லை? கேட்க வாய் வரவில்லை. அதுவரைக்கும் சூரியன் படகின் மூக்குக்கு நேரே விழும். அந்தத் தீவுகளைத் தாண்டிய பிறகு வலது பக்கமாக விழத் தொடங்கியது. படகைத் திருப்பியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் கெப்டன் அய்யாவிடம் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான். லைன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம். தோட்டத்துத் தொரைமார் வாயில் அது லைன். நான் பிறந்தது அதில். என் முன்னோரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளை வரைக்கும் நடத்தி, அதில்தான் அடைத்தார்கள். அவர்களிடமும் ஏறும்போது நல்ல வார்த்தைதான் சொல்லியிருப்பார்கள். இங்கிலீஷில் வேறு எந்தச் சொல்லை நான் தப்பாகக் கேட்டாலும் இதைத் தப்பாகக் கேட்கமாட்டேன்.

பாத்திரம் கழுவும்போது அய்யாவிடம் மெதுவாகக் கேட்டேன், லைன் எப்போது வரும் என்று.

"மூணு நாலு நாள்ல வரும்."

"அங்க யாரு இருக்காங்க?"

"ராஜா இருக்காரு" என்றார், சிரிக்காமல். "புது ஆளக் கொண்டுபோய் அவருகிட்ட ஒப்படைக்கணும். தலையச் செரைப்பாங்க. பயப்படாத மல்லி, என்னையும் அப்பிடித்தான் ஒப்படைச்சாங்க."

"அப்பறம் எப்பிடித் திரும்பி வந்தீங்க?"

"அவரு விட்டாருன்னா வரலாம்."

அவர் வேடிக்கைக்காரர்தான். ஆனால் வேடிக்கை பேசுகிறவர்கள் உண்மையையும் அதே முகத்தோடுதான் சொல்வார்கள். ஏதோ ஒரு தீவில் ஒரு தோட்டம் இருக்கிறது, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்கள், பாஸ்போட் அதற்காகத்தான் பூட்டப்பட்டது என்று எனக்கு அன்றே முடிவாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போவேனா மாட்டேனா என்பதைத் தவிர அதன் பிறகு வேறு நினைப்பே இல்லை.

அந்த நாள்களில் கடலை நான் பார்த்த மாதிரி கெப்டனும் பார்த்திருக்கமாட்டார். கரை கிட்டே வருகிறதா என்று ஒவ்வொன்றிலும் தேடினேன். பழுப்பு நிறப் பறவை ஒன்று முன்பக்கக் கம்பியில் வந்து உட்கார்ந்து, எங்களைச் சட்டை செய்யாமல் இறகு கோதியது. பறவை இருந்தால் நிலம் இருக்கும். ஒரு தேங்காய் மிதந்து வந்தது. அதில் சிப்பிகள் ஒட்டியிருந்தன, ஒரு நண்டும் சவாரி செய்தது. தேங்காய் இருந்தால் தோட்டம் இருக்கும். இவற்றைப் பார்த்து நான் சட்டியைத் தட்டவில்லை. கெப்டனுக்கு ஏன் வழிகாட்ட வேண்டும்?

ஒரு காலையில் ஓங்கில்கள், டொல்பின் என்பார்களே அவை, கூட்டமாக வந்தன. படகின் மூக்குக்கு முன்னால் பாய்ந்தும் புரண்டும் ஓடின. கெப்டன் குழந்தை மாதிரி விசிலடித்தார். அவற்றில் ஒன்று பக்கவாட்டில் சரிந்து, ஒரு கண்ணால் என்னை நிதானமாகப் பார்த்தது. கணக்கப்பிள்ளை கூடைக்குள் கொழுந்தைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பார்த்து முடித்ததும் எல்லாமாகச் சேர்ந்து தெற்கே போய்விட்டன. ஆள் வருகிறான் என்று சொல்லப் போகிற மாதிரி இருந்தது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

கெப்டனும் என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அடிவானத்தைப் பார்த்தால் அவர் என்னைப் பார்ப்பார். நான் என் பையை எடுத்து உடுப்புகளை மடித்து வைத்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டு, போய் அந்தத் தகரப் பெட்டியை இடம் மாற்றி வைத்தார். எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் அதோடு போயிற்று.

லைன் வருகிற நாள் வந்தது. காலையில் தங்கூசியருகே தொங்கிய பால்மா டின்னைக் காணோம். தரை துடைக்கிற கந்தைத் துடைப்பத்தையும் காணோம். கெப்டனின் மேசையில் ஒரு சவர ரேசர் வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் தாடி வைத்தவர். படகில் வந்ததிலிருந்து ஒரு நாளும் சவரம் செய்ததில்லை.

நான் கீழே போனேன். என் நல்ல சட்டையைப் போட்டேன். காற்சட்டை மாற்றிச் சப்பாத்துப் போட்டுக் கயிற்றை இறுக்கினேன். தலையை எண்ணெய் தடவி வாரினேன், சிரைப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று. கந்தையோடு போய் நிற்கிற ஆளை எவனும் மதிக்கமாட்டான். ஒரே ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லாத வசனம். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

அய்யா அங்கே நின்றார். தலையில் துடைப்பக் கந்தை முடியாகத் தொங்கியது. அதன்மேல் பால்மா டின்னை வெட்டிச் செய்த கிரீடம். இடுப்பில் பாய்த்துணி. கையில் மீன் கொத்துகிற ஈட்டி. கெப்டன் பக்கத்தில் ஒரு வாளிக் கடல்நீரோடு நின்றார். என்னைக் கண்டதும் இருவர் முகத்திலும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நான் லைன்ல எறங்கமாட்டேன்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "என்னைய எங்க ஊர்லயே கொண்டுபோய் விடுங்க."

பாய் மட்டும் அடித்துக்கொண்டது. அய்யா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர். ஒரு பறவைகூட இல்லை.

"எங்க எறங்கப் போற மல்லி?" என்றார் மெதுவாக.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லைன் என்றால் எங்கள் ஊரில் என்ன, யாரை எப்படிக் கொண்டுவந்து வைத்தார்கள், ஏஜென்ட், லாச்சி, ராஜா, ரேசர். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. தொடக்கத்தில் அய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் உட்கார்ந்து சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த லைனா?" என்றார். லைன் காம்பரா என்றால் சிங்கள ஆட்களுக்கும் தெரியும். கெப்டனுக்கு அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கெப்டன் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

என்னைக் கீழே கூட்டிப்போய்க் கடல் படத்தை விரித்தார். என் விரலைப் பிடித்து, அதில் குறுக்கே ஓடிய ஒரு கோட்டின்மேல் வைத்தார். உலகத்தின் நடு இடுப்பில் போட்ட கோடாம். அதைக் கடலில் முதல் தடவை தாண்டுகிறவனுக்குத் தண்ணீர் ஊற்றி, சவரம் செய்கிற மாதிரி நடித்து, கடல் ராஜாவிடம் ஒப்படைத்து விளையாடுவது கப்பல்காரர் வழக்கமாம். அதற்கு அவர்கள் பாஷையில் லைன் தாண்டுவது என்று பெயர். கடலில் போய்ப் பார்த்தால் கோடு இருக்காது என்றும் சொன்னார். படகில் இருந்த சின்னத் திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்து பூச்சியமாகப் போவதைக் காட்டினார். கொழுந்து நிறுக்கிற தராசிலும் எண் காட்டுவார்கள், அதை நாங்கள் நம்பியா வாழ்கிறோம்? ஆனால் எங்கும் கரை இல்லை என்பதை என் கண்ணே பார்த்திருந்தது.

பிறகு கெப்டன் கழுத்துச் சாவியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். அய்யா எனக்குச் சொன்னார்: "இவருக்கு ஒம்மேல சந்தேகம். நீ அங்க போய் ஓடிருவன்னு காலியில யாரோ சொல்லியிருக்கான். ஒரு ஆள் கொறஞ்சா இவரோட படகப் பிடிச்சு வச்சிருவாங்களாம். நீ எந்நேரமும் கரையத் தேடுற, பைய கட்டுற, அதையெல்லாம் பாத்து இவரு தூங்கவே இல்ல."

நானும் தூங்கவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

கெப்டன் என் பாஸ்போட்டை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. என் பெயர் போட்ட பிளேன் டிக்கட். காலியிலேயே எடுத்து வைத்துவிட்டாராம். இரண்டையும் என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். நான் அவற்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தேன். சமையலறை என் பொறுப்பு. அங்கே அவர் கை வைக்கமாட்டார்.

வாளித் தண்ணீரை அதற்குப் பிறகும் ஊற்றினார்கள். நல்ல சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானே போய்த் தலையைக் குனிந்தேன். ரேசரை மட்டும் கிட்டே கொண்டுவர விடவில்லை.

டின் கிரீடமாகிவிட்டதால் அன்று மீன் மாட்டியதைச் சொல்ல ஆளில்லை. ரப்பர் இழுபடுவதை நான்தான் பார்த்தேன். "மீனு" என்று கத்தினேன். சட்டியைத் தேடவில்லை. அய்யா வழிவிட, நானே இழுத்தேன். தங்கூசி உள்ளங்கையை அறுத்தது. மறுபடியும் அந்த வன்னாதான். பொன் பச்சையாகி, பச்சை வெள்ளியாகி, வெள்ளி சிமெந்தாகும் வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தேன். கொறுக்காய்ப்புளி போட்டுக் காரமாக வைத்து, அவர்களுக்கு முன்னால் நானே முதல் வாய் தின்றேன்.

சந்தேகம் முழுக்கப் போயிற்று என்று எழுதினால் அது பொய். சீசெல்ஸில் இறங்கியதும் எங்காவது நீளமாக வரிசை வீடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். விமான நிலையத்தில் கெப்டன் என் தோளைத் தட்டியபோதுகூடக் கை பையின் மேலேயே இருந்தது.

தேருக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பொன் நிற மீன் செத்ததும் சிமெந்து நிறமானதைச் சொன்னேன். "பழைய மீன ஒங்க தலையில கட்டியிருக்காங்க" என்றாள். ஆமை முதுகில் குருவி உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்த டிக்கட்டக் காட்டுங்க."

"நாந்தான் வந்து நிக்கிறேனே."

"இருந்தாலும் காட்டுங்க."

எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டாள்.

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை